மலிவான துப்பாக்கியும் என் கையொப்பமும்

போன சனிக்கிழமை மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதியில் உள்ள தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்து இங்கே பொறியாளராக இருக்கும் ஒருவர் அருகில் வந்தார். கோயிலில் பார்த்துப் பழகிய முகம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆன்ட்டி, சீப்பான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கலாமா? வொர்த்தா? உங்க வீட்ல ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மொன்றியலில் நம்மவர் வீட்டுக்கு ஒரு புது சோபா வந்தாலே மூன்று பேர் தொலைபேசியில் விலை விசாரிப்பார்கள். துப்பாக்கி வந்தால் சும்மா இருப்பார்களா?

இந்தப் பத்திரிகைப் பத்தியில் உங்களோடு எவ்வளவோ பேசியிருக்கிறேன். பனிக்காலச் சப்பாத்து, பிரெஞ்சு வகுப்பு, சம்பந்திகளின் மனத்தாங்கல்... ஆனால் துப்பாக்கி வாங்க ஆலோசனை சொல்லத் தகுந்தவளாக நான் எப்போது ஆனேன்? யோசித்துச் சொல்வதாக அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரமாக யோசிக்கிறேன். தெளிவு வந்தபாடில்லை. எனவே நடந்ததை நடந்தபடி உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் நெடுங்காலமாக வேலை செய்கிறார். அவரோடு வேலை செய்பவர் ரெஜான். இந்த மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இலையுதிர்காலம் வந்தால் ரெஜானும் நண்பர்களும் வடக்கே ஓர் ஏரிக்கரைக் குடிலில் தங்கி மூஸ் வேட்டைக்குப் போவது வழக்கம். மூஸ் என்றதும் நம் புள்ளிமானை நினைத்துவிடாதீர்கள். மான் இனம்தான், ஆனால் குதிரையைவிட உயரம். சென்ற ஆண்டு என் கணவரையும் அழைத்தார்கள். போய் வந்தார். ஏரியின் அமைதியைப் பற்றியும் மரங்களின் நிறங்களைப் பற்றியும் பல நாள் பேசினார். கேட்டு நானும் மகிழ்ந்தேன்.

பிறகு, பனி கொட்டிய ஒரு மாலையில், துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"இஞ்சரும், நான் ஒரு துவக்கு வாங்கப் போறன். பெரிசா ஒண்டுமில்லை. மலிவானது."

வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாழ்ந்த காலத்தில் துவக்கு என்ற சொல்லைக் கறிவேப்பிலை வாங்கப் போவதுபோல் ஒருவரும் சொன்னதில்லை. அந்தச் சொல் வந்தால் குரல் தாழும், யன்னல் சாத்தப்படும்.

வேட்டைக்காலம் நவராத்திரியோடு சேர்ந்து வருமே, அப்போது நம் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லையே என்று கேட்டேன். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை.

"சுட்டாலும் சாப்பிடமாட்டன்."

இந்தப் பதிலை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது? பாவம் கொல்வதிலா, தின்பதிலா? விரதகாரர் வேட்டைக்காரராகவும் இருக்கலாமா? நான் வாசித்த நூல்கள் எதுவும் உதவிக்கு வரவில்லை.

வகுப்பை முடித்தார். தேர்விலும் தேறினார். அடுத்தது உரிமத்துக்கான விண்ணப்பம். அதில் வாழ்க்கைத் துணை கையொப்பமிடவென்றே ஓர் இடம் இருக்கிறது, தெரியுமா? நான் இடாவிட்டால் அதிகாரிகளே எனக்குத் தகவல் தெரிவிப்பார்களாம். இத்தனை ஆண்டுத் தாம்பத்தியத்தில் என் சம்மதத்தை அரசாங்கம் கேட்பது இதுவே முதல் தடவை. விண்ணப்பத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டிவைத்துவிட்டு, அவர் காத்திருந்தார். வற்புறுத்துபவர் என்றால் சண்டை பிடித்திருக்கலாம். காத்திருப்பவரை என்ன செய்வது?

நான் சோறு வேகவைக்கும் குக்கரையே ஆராயாமல் வாங்குவதில்லை. எனவே வாசிக்கத் தொடங்கினேன். இணையத்தில் ஒருவர், மலிவு ரைஃபிள் என்பது காசைக் காட்டில் எறிவது என்றார். இன்னொருவர், விலை கூடிய ரைஃபிள் வாங்குகிறவன்தான் ஏமாளி என்றார். மூன்றாமவர், முதலில் காலணி நல்லதாக வாங்கு என்றார். ரெஜானோ, வாங்கினால் ஒரே தடவை நல்லதாக வாங்கு, பிறகு பிள்ளைக்குக் கொடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல துப்பாக்கி என்றால் அது பரம்பரைச் சொத்தாகுமோ? எங்கள் மகள் அதைச் சீதனத்தோடு கேட்பாளோ?

நானும் விலை கூடியதையே ஆதரித்தேன். காரணம் எளிது: விலையைக் கண்டு மனிதர் பின்வாங்குவார் என்ற நப்பாசை. அவர் பின்வாங்கவில்லை. மலிவானதிலேயே நின்றார். கடையில் நேரில் பார்த்துக் கேட்டபிறகுதான் கையொப்பம் என்று நான் முடிவாகச் சொன்னேன். இளவேனிலில் ஒரு நாள் இருவரும் புரோசார்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

விற்பனையாளர் நரைத்த தாடிக்காரர். மிகவும் மரியாதையானவர். கையுறை வாங்க வந்த பெண்மணிக்கு விளக்குவதுபோல் எனக்கு விளக்கினார். மலிவானதில் உடற்பகுதி மரமல்ல, பிளாஸ்டிக். தோட்டாக் கூடும் பிளாஸ்டிக். கூடவே கொடுக்கும் தொலைநோக்கி சுமார்தான். மழை பட்டால் மங்கலாம். ஆனால் குழல்? குழலில் இன்றைக்கு ஒருவரும் குறை வைப்பதில்லையாம். நூறு மீட்டர் தூரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூஸுக்குத் தெரியாது என்றார்.

அப்படியானால் கூடுதல் விலை எதற்கு என்று கேட்டேன். சிரித்தார். இழுக்கும்போது கைக்குத் தெரியும் என்று சொல்லி, இரண்டையும் மேசைமேல் கிடத்தினார். போல்ட் என்பது ஒரு சின்னக் கைப்பிடி. அதைத் தூக்கிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். விலை கூடியதை இழுத்துக் காட்டினார். எண்ணெயிட்ட மேசை லாச்சிபோல் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு மலிவானதை இழுத்தார்.

கடக்... கடக்.

என் கணவரின் வலக்கை சட்டைப்பைக்குப் போனது. பையிலிருந்த அட்டையை எடுத்தது. இரண்டு கைகளாலும் பிடித்து, தலையைச் சற்றுக் குனிந்து, விற்பனையாளரிடம் நீட்டினார்.

அது இங்கத்தைய மருத்துவக் காப்புறுதி அட்டை.

விற்பனையாளர் அதைப் பார்த்தார். வாங்க அவசரப்படுகிறார் என்று நினைத்திருக்கவேண்டும். அவசரமில்லை மிஸ்யூ, முதலில் உரிமம் வரட்டும் என்று பிரெஞ்சில் அன்பாகச் சொன்னார். என் கணவரும் சிரித்தார். மெர்சி என்று நன்றி சொல்லி அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

அந்தக் கடையில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏனென்றால் என் கையும் அப்போது கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்திருந்தது. சோதனைச் சாவடிகளில் வளர்ந்த கைகள் இவை. அந்த ஒலி கேட்டால் அடையாள அட்டை வெளியே வரவேண்டும். எங்களைக் கேட்டா வருகிறது?

கார் தரிப்பிடத்தில் அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. நான்தான் பேசினேன்.

"உங்கட கை போனதைப் பார்த்தனான். உந்தச் சத்தத்தை வீட்டுக்குள்ள கொண்டுவரவேணுமோ?"

"ஓம், வேணும்," என்றார்.

பிறகு அவராகவே தொடங்கினார்.

"போன வருஷம் நான் வேட்டைக்குப் போகேல்ல. சமைக்கப் போனனான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். வேலைத்தள மதிய உணவில் அவருடைய கோழிக்கறிக்கு ரெஜானும் நண்பர்களும் அடிமைகள். அது எனக்கும் தெரியும். குடிலில் முதல் நாள் காலை எல்லோரும் வேட்டைக்கான செம்மஞ்சள் மேற்சட்டை போட்டார்கள். இவரும் எழுந்து சப்பாத்துக் கட்டினார். குளிருக்குள் நீ ஏன் அலைகிறாய், அடுப்படியில் சூடாக இரு என்று ரெஜான் பாசத்தோடு தோளில் தட்டிவிட்டுப் போனார். இவர் சப்பாத்தைக் கழற்றினார். ஒவ்வொரு நாளும் அப்படியேதான். அவர்கள் காட்டுக்குப் போனபின் வெங்காயம் வெட்டினார், சட்டி கழுவினார், யன்னலால் ஏரியைப் பார்த்தார். எனக்கு விவரித்த ஏரியெல்லாம் அந்த யன்னல் அளவுதான்.

"அவங்கள் கூடாத ஆக்களில்லை. நல்லவங்கள். அதாலைதான் எனக்குக் கதைக்க வாய் வரேல்ல."

"துவக்கு இருந்தாப்போல என்ன மாறும்?"

"துவக்கோட நிக்கிறவனை ஒருத்தரும் அடுப்படியில விட்டிட்டுப் போகேலாதுதானே."

சரி, அப்படியென்றால் நல்லதாகவே ஒன்றை வாங்குங்களேன் என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றைக்கும் வியக்கிறேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"உமக்கு விளங்கேல்ல. விலை கூடினதை வாங்கினா நான் சுடவேணும். மலிவெண்டால் தூக்கிக்கொண்டு நிண்டாலே போதும்."

வாசகர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் கையில் துப்பாக்கி இல்லாததால் உயிர் தப்பியவர்கள். எங்கள் வகுப்புகளில் எத்தனை கதிரைகள் ஏன் வெறுமையாயின என்று அறிந்தவர்கள். அப்படிப்பட்ட மனிதர், அது கையில் இல்லாததால் இங்கே தன்னை ஆளாக எண்ணுகிறார்கள் இல்லை என்கிறார். ஒலியைக் கேட்டால் கை அட்டையைத் தேடுகிறது; ஆனாலும் அந்த ஒலியைத் தோளில் சுமக்க விரும்புகிறார். இதில் எது நோய், எது மருந்து? துப்பாக்கியைத்தான் நான் வெறுக்கிறேன். அந்த யன்னலடியில் வெங்காயத்தோடு நின்றவரை எப்படி மறுபடியும் அங்கேயே நிறுத்துவது?

வீட்டுக்கு வந்ததும் கையொப்பமிட்டேன். சம்மதம் என்று அதற்குப் பெயரா... தெரியவில்லை. பேனா மட்டும் நன்றாக எழுதியது.

உரிமம் வந்தது. துப்பாக்கியும் வந்தது — மலிவானது, பிளாஸ்டிக் உடல், கரடுமுரடான போல்ட். அதை நிலக்கீழ் அறையில் ஒரு பெட்டியிலும் தோட்டாக்களை வேறொரு பெட்டியிலும் பூட்டிவைத்தார். நான் அந்த அறைக்கு உடுப்புத் தோய்க்கப் போகும்போது வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்ளப் பழகினேன்.

இந்த இலையுதிர்காலத்தில் அவர் போனார். நான் தனியே கொலு முன் அமர்ந்து, என்ன வேண்டுவதென்று தெரியாமல் பாடிக்கொண்டிருந்தேன். மூஸ் கிடைக்கவேண்டும் என்றா? கிடைக்கக்கூடாது என்றா? சரஸ்வதிக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

விஜயதசமி கழித்து வந்து சேர்ந்தார். தாடி வளர்ந்திருந்தது, உடுப்பெல்லாம் புகை மணம். யாருக்கும் மூஸ் அகப்படவில்லையாம். துப்பாக்கியைத் துடைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தேன்.

"எப்பிடி, துவக்கு நல்லதோ?"

"தெரியாது. ஒரு வெடியும் வைக்கேல்ல."

விடியலில் ரெஜானோடு ஒரு மரத்தடியில் நிற்பாராம். அசையாமல், பேசாமல். கால் விறைத்துப்போகுமாம். அதைச் சொல்லும்போது, பதவி உயர்வு கிடைத்தவர்போல் முகம் இருந்தது. அப்படியென்றால் இந்த முறை கோழிக்கறியை யார் வைத்தது என்று கேட்டேன்.

"சமைச்சது நான்தான்." ஒரு மிடறு குடித்தார். "சட்டி, கோப்பையெல்லாம் கழுவினது அவங்கள். எல்லாரும் ஒண்டாத்தானே காட்டிலையிருந்து வாறம்."

மலிவான துப்பாக்கி குறி தவறாமல் சுடுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பாத்திரம் கழுவ வைக்கும்.