புறங்கையால் தொட்டவன்

காந்தன் அழைத்தபோது நான் குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் இருந்தேன். காலை ஒன்பது மணி. எஞ்சின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"எங்க நிக்கிறாய்?"

"வள்ளத்தில."

"இறங்கினாப்பிறகு எடு."

"இப்ப சொல்லு."

காந்தன் எங்கள் ட்ரம்ஸ்காரன். எதையும் சத்தமாகச் சொல்பவன். அன்று மெதுவாகச் சொன்னான்.

"றெஜி கடையில எஞ்சின் கழட்டிக்கொண்டு நிண்டவன். அப்பிடியே விழுந்திட்டான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது."

படகு நடுவழியில் திரும்பாது. அக்கரையில் இறங்கி, அடுத்த படகு புறப்படும்வரை இறங்குதுறையிலேயே நின்றேன். கோவிலுக்கு வந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "ஐயாவின்ர மகன்தானே, உச்சிப் பூசை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். ஏதோ ஒரு நேரம் சொன்னேன். சரியான நேரம்தானா என்று இன்றுவரை தெரியாது.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களுக்கு றெஜியைத் தெரியும். ஊர்காவற்றுறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவன். உங்களில் பாதிப் பேரின் எஞ்சின் அவன் கையால் ஓடியது. மற்றப் பாதிப் பேர் அவன் கிற்றாரைக் கேட்டவர்கள். முப்பத்திரண்டு வயது. என்னைவிட இரண்டு மாதம் இளையவன்.

பல்கலைக்கழக விடுதியில் எனக்குப் பிடித்த ரொக் இசைக்காரர்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தேன். பத்துப் பெயர். பத்தும் நான் ஒருநாளும் நேரில் காணப்போகாத மனிதர்கள். அவர்களுடைய பெரிய கச்சேரிகளைச் சின்னத் திரையில் பார்த்தேன். எந்த நிமிடத்தில் கூட்டம் எழுந்து நிற்கும் என்பதுவரை மனப்பாடம்.

விடுமுறையில் றெஜியின் கடைக்குப் போய் அவற்றில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கையில் கிறீஸ். பிஸ்டனை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டான்.

"கெட்டிக்காரன். ஆனால் இவனுக்குப் பயமில்லை."

"பயம் எதுக்கு?"

"கரண்ட் பிடிச்சு வாசிக்கிறவனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கோணும், ஐயர்."

பூசகர் வீட்டுப் பிள்ளை என்பதால் நான் ஐயர். மற்ற எல்லோருக்கும் "நீ". எனக்கு மட்டும் கேலியாக ஒரு "நீர்". "ஐயர், நீர் மந்திரம் சொல்லுறமாதிரிப் பாடாதையும். சனம் கும்பிடத் தொடங்கிவிடும்."

மூன்று பேர் குழு. அவன் கிற்றார், காந்தன் ட்ரம்ஸ், நான் பாட்டு. குழுவுக்குப் பெயர் நிலைக்கவில்லை. ஒவ்வொரு நோட்டீசிலும் ஒவ்வொரு பெயர் அச்சாகும்.

காரைநகரில் ஒரு மாலை. விளையாட்டு மைதானம். சனம் கதிரைகளில் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் அமைதியாக உட்கார்ந்திருந்தது. முதல் உருப்படி முடிந்தது. ஒரு கைதட்டலும் இல்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து மேடையடிக்கு வந்தார்.

"தம்பி, இதில பாட்டு எப்ப வரும்?"

றெஜி குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னான்: "வெளிக்கிட்டிட்டுது ஐயா. இப்ப குறிகாட்டுவானில நிக்குது."

பெரியவர் யோசித்தார். "அப்ப இன்னும் நேரம் கிடக்கு," என்று போய் அமர்ந்தார். மைதானமே சிரித்தது. அதற்குப் பிறகு கைதட்டினார்கள். கடைசிப் பாட்டில் அந்தப் பெரியவரின் கால் தாளம் போட்டதைக் கண்டேன்.

இனிக் கம்பி.

தீவுகளில் எங்கள் கச்சேரிகளுக்கு மின்சாரம் பெரும்பாலும் வாடகை ஜெனரேற்றரிலிருந்து வரும். மைக் ஒலிபெருக்கிக்காரருடைய ஒலிப்பெட்டியில் பொருத்தியிருக்கும். கிற்றார் எங்கள் பழைய ஒலிப்பெட்டியில். அந்தப் பழைய பெட்டியின் இரும்பில் சில நாட்களில் கரண்ட் ஏறும். கிற்றாரைப் பிடித்தபடி மைக்கைத் தொடுகிறவன் இரண்டு பெட்டிக்கும் நடுவே பாலமாகிவிடுவான். அதற்காக றெஜி ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்தான். பழைய வள்ள எஞ்சின் ஒன்றின் தண்டு, ஒரு கை நீளம். அதை ஈர மண்ணில் அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, பெட்டியிலிருந்து வயர் இழுத்துக் கட்டுவான். ஏறுகிற கரண்ட் நிலத்துக்கு இறங்கிவிடும்.

கட்டியபின் கிற்றாரை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்து நிற்பான். வலது கையைத் திருப்பி, புறங்கையால் மைக்கைத் தொடுவான். அவன் தொடும்வரை எங்கள் இருவருக்கும் மேடையேற அனுமதியில்லை.

"உள்ளங்கையால தொட்டா கை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளும். விடாது. புறங்கை எண்டா உதறிப்போடும்." இதைச் சொல்லாமல் அவன் ஒரு கச்சேரியும் தொடங்கியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் நெடுந்தீவுக் கச்சேரி. கோவில் பெருநாள், பிற்பகல் மூன்று மணி என்று ஏற்பாடு. ஜெனரேற்றர் வந்து சேர நாலரையாகிவிட்டது. காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. எங்களைத் தன் படகில் கூட்டிவந்த அருளப்பு அண்ணை முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பியவை, ஆறு மணிக்கு வெளிக்கிடோணும். பிந்தினா கடல் விடாது."

மேடையடி முழுவதும் முருகைக்கல். கம்பி இறங்கவில்லை. அலவாங்கால் குத்தினோம். நெருப்புப் பொறிதான் வந்தது. றெஜி வயரைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தான். முப்பது அடி தள்ளி ஈர மணலில் கம்பியை இறக்கினான். திரும்பி வந்து புறங்கையால் தொட்டான். தலையாட்டினான்.

நான் பார்த்த கச்சேரிகளில் அதுதான் சிறந்தது. திரையில் பார்த்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். காற்று ஒலியைத் தூக்கிக்கொண்டு போனது. மதிலின் மேல் பிள்ளைகள் வரிசையாக ஏறி நின்றார்கள். றெஜி காற்றுக்கு எதிரே திரும்பி நின்று வாசித்தான். ஒரு சுரத்தை வளைத்து, அது முறியப்போகிறது என்ற இடத்தில் பிடித்து வைத்திருந்தான். அவன் சொன்ன பயம் அந்த இடத்தில் இருந்தது.

கடைசி உருப்படியில் பாட்டு இல்லை. கிற்றாரும் ட்ரம்ஸும் மட்டும். என் வேலை முடிந்துவிடும். அந்த நேரத்தில் சாமான் கட்டத் தொடங்குவது என் வழக்கம். தீவில் கச்சேரி செய்கிறவன் கடைசிப் படகை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆறுக்குப் பத்து நிமிடம். கரையில் அருளப்பு அண்ணை விசில் அடித்தார். நான் பைகளைக் கட்டினேன். உருப்படி முடிந்து கைதட்டல் கேட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கரைக்குப் போய்க் கம்பியைப் பிடுங்கினேன். வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

சனம், "இன்னொண்டு, இன்னொண்டு," என்று கத்தியது. றெஜி கிற்றாரைக் கழற்றவில்லை. நன்றி சொல்ல மைக்குக்குக் கிட்டப் போனான்.

உதடு பட்டது.

ஒரு சத்தம் வந்தது. அது மனிதச் சத்தமா, பெட்டியின் சத்தமா என்று பிரிக்க முடியவில்லை. உடம்பு வில்லாகியது. இடது கை தந்திகளை இறுக்கிப் பிடித்திருந்தது. கிற்றாரைப் புறங்கையால் வாசிக்க முடியாதே.

காந்தன் ட்ரம்ஸைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, ரப்பர்ச் செருப்புக் காலால் பிளக்கை உதைத்தான். றெஜி விழுந்தான். நான் ஓடினேன். முப்பது அடி. எத்தனை நேரம் ஓடினேன் என்று தெரியாது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ, "தொடாதேங்கோ," என்றார்கள். காந்தன் அவன் நெஞ்சில் காது வைத்தான்.

றெஜி கண் திறந்தான். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான். கையில் கம்பி. அதில் ஈர மணல்.

"என்னடா நடந்தது?" என்று காந்தன் கேட்டான்.

"ஏர்த் கம்பி லூசாக் கிடந்திருக்கு. நான்தான் பாக்கேல்ல."

அவ்வளவுதான். நான் வாய் திறக்கவில்லை.

கரையிலிருந்து அருளப்பு அண்ணை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மன்னியுங்கோ, பிந்திவிட்டோம் என்று நான் உளறினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்களை விட்டிட்டு நான் எங்க போறது தம்பி? சும்மா வெருட்டிறதுதானே."

படகில் நான் றெஜியின் பக்கத்தில் இருந்தேன். இடது உள்ளங்கையில் தந்திகள் சுட்ட ஆறு கோடுகள்.

"ஏனடா அப்பிடிச் சொன்னனீ?"

"உண்மையைச் சொன்னா நீர் இனி மேடையில ஏறமாட்டீர். எங்களுக்கு வேற பாட்டுக்காரன் இல்லை, ஐயர்."

பிறகு அதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவனுடையது பெருந்தன்மை. என்னுடையதற்கு வேறு பெயர்.

செத்தவீட்டில் அவனுடைய அக்கா மரீனா சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொன்னார். "எல்லாத்தையும் பாக்கிறவன். நெடுந்தீவில ஒருநாள் பாக்காமல் விட்டவன். அண்டைக்குப் பழுதான நெஞ்சு." ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். நானும் அந்த வரிசையில் நின்று தலையாட்டினேன்.

பிறகு வைத்தியரிடம் போனேன். பிறவியிலேயே வந்த வால்வுக் கோளாறு, அந்த அடிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி மரீனா அக்கா என்னிடம் கேட்டார். "நீர் படிச்சனீர், வடிவா எழுதுவீர்." நான் சரி என்றேன். படலைவரை வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டார். "அந்த நெடுந்தீவுக் கதையையும் எழுதும். அவனைப்போலக் கவலையீனமா இருக்கப்படாது எண்டு பொடியள் அறியட்டும்."

ஒன்பது நாள் எழுதினேன். ஒன்பது நாளும் அந்த இடத்தில் பேனா நின்றது. அதைத் தவிர்த்து எழுதினால், அவன் புறங்கையால் தொட்டதை எழுத முடியாது. அதை எழுதாவிட்டால் இந்தப் பக்கத்தில் அவன் இல்லை.

பத்தாம் நாள் போய்ச் சொன்னேன். குசினி வாசலில் நின்று, எல்லாவற்றையும். கம்பி, விசில், மணல்.

மரீனா அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"நாலு வருஷம்," என்றார். "அவன் கிற்றாரைத் தூக்கினா நான் பேசுவன். கவலையீனம் பிடிச்சவனே எண்டு பேசுவன். செத்தண்டு காலமையும் பேசினனான்."

"தெரியும் அக்கா."

"உமக்கு என்ன தெரியும்? அவன் சிரிச்சுக்கொண்டு போவான். ஒரு சொல்லுச் சொல்லேல்ல. நீரும் இந்த வீட்டில வந்து சோறு திண்டனீர்."

"ஓம்."

என்னை அடித்திருக்கலாம். அதற்காகத்தான் நின்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு வளவின் பின்பக்கம் போனார். கிணற்றடியில் ஆடு கட்டியிருந்தது. ஆட்டை அவிழ்த்து வேலியில் கட்டினார். அது கட்டியிருந்த முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். அந்தக் கம்பி.

"இனிக் கச்சேரி வேண்டாம் எண்டு நான்தான் பறிச்சு வச்சனான். வேற ஒரு துண்டு தேடிக்கொண்டு போய் வாசிச்சவன்." என் கையில் தந்தார். "மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதையும். என்னால ஏலாது. ஆனால் எழுதும். சரியா எழுதும்."

எழுதிவிட்டேன். றெஜியை அறிந்தவர்களே, நெடுந்தீவில் அவன் எல்லாவற்றையும் சரிபார்த்தான். அவன் கிற்றாரைக் கழற்றுமுன் கம்பியைப் பிடுங்கியவன் நான்.

முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்ததும், பின்னேரம் ஊர்காவற்றுறைக் கரையில் காந்தனும் நானும் மூன்று பாட்டு வாசிக்கிறோம். மரீனா அக்காதான் கேட்டார். அவனுடைய கிற்றார் எங்கள் பழைய ஒலிப்பெட்டியில் பொருத்தியபடி தாங்கியில் நிற்கும். என் கதவிலிருந்த பத்துப் பெயரும் இப்போது இல்லை. எனக்குப் பிடித்த ரொக் இசைக்காரன் யார் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்வேன். அவனை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

கம்பியை நானே அடிப்பேன். தண்ணீர் ஊற்றுவேன். அவனுடைய கிற்றாரை மாட்டிக்கொண்டு புறங்கையால் முதலில் மைக்கைத் தொடுவேன். பாட்டு முடிந்து, சனம் கலைந்து, கடைசி வயரும் ஆறியபின்தான் பிடுங்குவேன். யார் விசிலடித்தாலும் சரி.

படகு நிற்கும்.