காலி நாற்காலியும் சீனியர் இன்ஜினியரும்

நேர்முகத் தேர்வு நடத்துகிறவருக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி, எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்படிக் குறட்டை விடுவார் என்று தெரியாமல் இருப்பது. அந்தத் தகுதி எனக்கு இல்லை. இருந்தும் ஐந்து வாரம் அந்தத் தொழிலைப் பார்த்தேன். விடுமுறை கிடையாது, தேர்வுக்கு வருகிறவருக்கு டீயும் நானேதான் கலக்க வேண்டும்.

வீட்டுக்காரரையோ பிள்ளையையோ வேலைக்குத் தயார்ப்படுத்திய சகோதரிகளே, உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் செல்வம் சாஃப்ட்வேர் இன்ஜினியர். பதினேழு வருஷமாக ஒரே சிங்கப்பூர் கம்பெனி. ஜோகூர் பாருவை ஒட்டி எங்கள் வீடு இருக்கிற மாசாயிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலம் தாண்டிப் போவார். இருட்டிய பிறகு வருவார். வெளிச்சத்தில் அவர் முகத்தை நான் பார்ப்பது சனி, ஞாயிறில்தான்.

ஜோகூர் பாருவிலேயே ஒரு கம்பெனி சீனியர் இன்ஜினியர் தேடுகிறது என்று தெரிந்ததும், அவரைவிட நான்தான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து அரை மணி நேரம். பாலம் இல்லை, கஸ்டம்ஸ் வரிசை இல்லை, நனைந்த மழைக்கோட்டு இல்லை. நடுவில் ஒரே ஒரு நேர்முகத் தேர்வு. மனிதர் கடைசியாக அப்படி ஒன்றுக்குப் போனபோது எங்கள் மகள் வித்யாவுக்குப் பால்பல் விழவில்லை. இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

முதல் சனிக்கிழமை. வித்யா இணையத்திலிருந்து கேள்விகளைத் திரட்டி அச்சடித்துக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். முதலில் போய்ச் சட்டை, பேண்ட் மாட்டிக்கொண்டு வரச் சொன்னேன். கைலியோடு உட்கார்ந்தால் பதிலும் கைலி கட்டிக்கொண்டுதான் வரும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். லாயாங் லாயாங்கில் பிறந்தது, அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர், பெரிய அக்காவைக் குளுவாங்கில் கட்டிக் கொடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தார். எட்டு நிமிஷம் ஆகியும் ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை. கான்வென்டில் எங்கள் சிஸ்டர், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் ஸ்கேலை எடுப்பார். நான் கரண்டியை எடுத்தேன். "ஏங்க, உங்களப் பத்திக் கேட்டேன். உங்க வம்சத்தப் பத்திக் கேக்கல."

மனிதர் அசையவே இல்லை. "உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பா இதே கேள்வியத்தான் கேட்டாரு. இதே பதிலுக்குத்தான் பொண்ணு குடுத்தாரு."

வாசலில் நிற்கிறவர்

லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்து குவிந்தாலும் படுத்துவிடாத ஒரு சிஸ்டத்தை வரைந்து காட்ட வேண்டும். இது அடுத்த கேள்வி. வித்யா டியூஷன் படித்த காலத்து வெள்ளைப் பலகையைத் துடைத்துக் கொடுத்தேன். பெட்டி பெட்டியாகப் போட்டு, அம்புக்குறியாக இழுத்து, ஏதோ மந்திரம் மாதிரி முணுமுணுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் தலையாட்டுகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. "கோயில் அன்னதானத்த வச்சுச் சொல்லுங்க" என்றேன்.

"சரி. சோறு போடுற வரிசை மூணு. வாசல்ல ஒருத்தரு நின்னுக்கிட்டு, எந்த வரிசையில கூட்டம் கம்மியோ அங்க ஆளத் திருப்பி விடுறாரு. அவருதான் இந்தப் பொட்டி."

"அவரு வெயில்ல மயங்கி விழுந்துட்டா?"

மார்க்கர் மறுபடி பலகைக்குப் போனது. பிறகு வாசலில் இன்னொரு பெட்டி முளைத்தது. நான் விடவில்லை. "முதல் ஆளு விழுந்தது ரெண்டாவது ஆளுக்கு எப்படித் தெரியும்? நம்ம கோயில்ல ரெண்டு பேர வாசல்ல விட்டா மூலையில நின்னு கதைதான் பேசுவாங்க." மார்க்கரை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே வித்யா சொன்னாள்: "அப்பா, பேசாம அம்மாவயே அப்ளை பண்ணச் சொல்லுங்க லா."

வெண்டைக்காயும் வாய்விட்ட யோசனையும்

கோடிங் கேள்விக்கு விடை மட்டும் போதாதாம். போடும்போது மனசில் என்ன ஓடுகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட வேண்டுமாம். இந்த விதியை எழுதினவர் என் கணவரைச் சந்தித்ததில்லை. குக்கர் ஐந்து விசில் அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று நேரம் குறித்தேன். தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதிகம் பேசியது குக்கர்தான்.

சும்மா இருக்கும்போதெல்லாம் வாய்விட்டு யோசித்துப் பழகுங்கள் என்று உத்தரவு போட்டேன். என் தப்பு. மறுநாள் காலைச் சந்தையில் காய்கறிக் கடை முன்னால் நின்று ஆரம்பித்துவிட்டார். "இப்ப நான் நுனிய ஒடிச்சுப் பாக்கிறேன். ஒடிஞ்சா பிஞ்சு, கூடையில போடுறேன். ஒடியலன்னா முத்தல், திருப்பி வைக்கிறேன். எல்லாத்தையும் ஒடிச்சுப் பாக்காம வேகமா முடிக்க வழி இருக்கான்னு யோசிக்கிறேன்." அந்த வேகமான வழி கிடைப்பதற்குள் கடைக்கார அக்காவின் வெண்டைக்காயில் பாதிக்கு நுனி போயிருந்தது. அக்கா என்னை மெல்லத் தள்ளிக்கொண்டு போய்க் காதோரம் கேட்டார்: "ஏம்மா, அண்ணன் யாருகூடப் பேசுறாரு? புளூடூத்தா, இல்ல வேற ஏதாச்சுமா?"

ஆ மெங் பார்த்துக்கொண்டான்

நான்காவது வாரம் வந்த கேள்விதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. "பெரிய சிக்கல் ஒன்றை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?" அவர் பதில்: தவறு எங்கே என்று கூட வேலை செய்கிற ஆ மெங் தேடினான், ஒரு பிலிப்பைன்ஸ் பெண் விடாமல் உதவினாள், துப்புரவு செய்கிற அம்மா ஆபீஸில் ஏர்கோனைப் போட்டுக் கொடுத்தார். "அப்ப நீங்க?" என்றேன். "நானும் இருந்தேன்" என்றார். தன்னைத் தானே மெச்சக் கூடாது என்று வளர்ந்த மனிதர். நல்ல குணம்தான், சம்பந்தம் பேசும்போது. இப்படிப் பதில் சொன்னால் அந்த வேலை ஆ மெங்குக்குத்தான் கிடைக்கும். இவர் மறுபடி விடியுமுன் மோட்டாரை எடுக்க வேண்டியதுதான்.

"எப்ப நடந்தது இது?" என்று அதட்டினேன். "உன் தம்பி கல்யாணத்தன்னிக்கு" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. சிம்பாங் ரெங்கம் மண்டபத்தில் தாலி கட்டும்போது இவர் இல்லை. குடும்பப் படத்தில் என் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. மூன்று வருஷமாக அந்த நாற்காலியைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. இப்போதுதான் விவரம் கேட்டேன். மண்டபத்துக்குப் பின்னால், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில், அரிசி மூட்டை மேல் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இவர் கம்பெனி சிஸ்டம் படுத்து, கடைகளில் கார்டு தேய்த்தால் பணம் நகரவில்லையாம். ஆ மெங்கும் மற்றவர்களும் போனில் பதற, தவறைக் கண்டுபிடித்து இரண்டு மணி நேரத்தில் எழுப்பி விட்டவர் இவர்தானாம். அது திரும்ப நடக்காமல் இருக்க வழி செய்தவரும் இவர்தானாம். "இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். "நீ எங்க கேட்ட? திட்டுன."

நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். குறைகளைப் பொறுத்தவரை என் ஞாபகம் பழுதில்லாதது: தீபாவளியன்று எண்ணெய்த் தலையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றது, பினாங்குக்குப் போகிற வழியில் ஓய்விடத்திலேயே மூன்று மணி நேரம் காரை நிறுத்தியது. ஒன்பது எழுதினேன். விசாரித்தால், ஒன்பதுக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு சிஸ்டம் படுத்திருந்தது, இவர் எழுப்பியிருந்தார். ஆனாலும் மனிதர் நெளிந்தார்: "இதெல்லாம் போய்ச் சொன்னா பெரும பேசுற மாதிரி இருக்கும்." நான் சொன்னேன், "பெருமையா சொல்ல வேணாம். என் புகாரா சொல்லுங்க." அவர் முகம் தெளிந்தது. "புகாருன்னா சொல்லலாம். தெனம் கேட்டு மனப்பாடமா இருக்கு."

வியாழக்கிழமை

லீவு போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போனவர் நாலு மணிக்குத் திரும்பினார். வியாழக்கிழமையன்று வெயில் வெளிச்சத்தில் அவரை வாசலில் பார்த்ததும், யார் இந்த ஆள், காதோரம் இவ்வளவு நரைத்திருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தடுமாறிப்போனேன். தேர்வுக் குழுவின் தலைவி முப்பது வயதுச் சீனப் பெண்ணாம். பலகையில் இவர் வாசல்காரர்கள் இரண்டு பேரையும் வரைந்து, அவர்கள் கதை பேசாமலிருக்க வழியும் சொன்னாராம். பிறகு அந்தச் சிக்கல் கேள்வி. நாக்கு நுனி வரைக்கும் ஆ மெங் வந்துவிட்டானாம். அவனை விழுங்கிவிட்டு, "என் மனைவிக்கு என் மேல் மூன்று வருஷமாக ஒரு புகார் உண்டு" என்று ஆரம்பித்திருக்கிறார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாளாம் அந்தப் பெண். ஒன்றில் முடியாமல் மூன்று புகார் ஓடியதாம்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் வேலையிடத்திலிருந்து போன் செய்தார். பதினேழு வருஷத்தில் மத்தியானம் போன் வந்ததே இல்லை. என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன். வேலை கிடைத்துவிட்டதாம். அந்தப் பெண்ணே கூப்பிட்டுச் சொன்னாளாம். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார்: "மிஸ்டர் செல்வம், உங்க மேனேஜர விசாரிச்சோம், நல்லாத்தான் சொன்னாரு. ஆனா நாங்க நம்புனது உங்க மிசஸோட புகாரத்தான்."

இப்போதெல்லாம் ஆறு மணிக்கே வெளிச்சத்தோடு வெளிச்சமாக வீட்டுக்கு வந்து, என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, ரசத்துக்குப் புளியை ஏன் முதலில் கரைக்க வேண்டும் என்று வாய்விட்டு யோசிக்கிறார் என்பதால், அடுத்த நேர்முகத் தேர்வுக்கான புகார்ப் பட்டியலை நான் ஆரம்பித்துவிட்டேன்.