கில்சொப்பின் நெஞ்சில் இருந்தது

சாவு வீட்டில் வாசிக்கிற ஒரு வசனத்தின் மேல் மன்சிக்குக்குக் கோபம். இன்று நேற்று வந்த கோபம் இல்லை. மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே போகிறவன் என்று வேதத்தில் வருகிறதே, அதுதான். அந்த நிலக்கரி ஊரில் அந்த வசனத்துக்கு ஓய்வே கிடையாது. சுரங்கம் இடிந்து செத்தவனுக்கும் அதுதான், இருமி இருமியே செத்தவனுக்கும் அதுதான். பாஸ்டர்கள் மாறினார்கள். சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். வசனம் மட்டும் மாறவில்லை. அது வாசித்து முடிந்ததும் முன்வரிசையில் இருக்கும் பாங் மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு, கணக்குத் தீர்ந்த மாதிரி, "ஆமென்" என்பார். செருப்பு கழற்றிப் போடுகிற இடத்தை ஒட்டிய கடைசி வரிசையில் மன்சிக் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பாங் மூப்பர் சபைக்கு மூப்பர் ஆவதற்கு முன்னும் மன்சிக்குக்குத் தெரிந்தவர்தான். சுரங்கத்தில் அவர் மேஸ்திரி. அவருக்குக் கீழே கில்சொப் பாறை துளைக்கிறவர். கில்சொப்புக்குப் பின்னால் நின்று உடைந்த கல்லை அள்ளுகிறவன் மன்சிக்.

கில்சொப் மலைநாட்டுக்காரர் இல்லை. தென்மேற்கே உப்பளத்தில் பிறந்தவர். சுரங்கத்தில் வீடு தருகிறார்கள், அரிசி தருகிறார்கள், அடுப்புக்குக் கரி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனைவி சுன்னிம்மைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தபோதே இரண்டு பேரும் விசுவாசிகள். குழிக்குள் விசில் அடிக்கக்கூடாது, எலியை விரட்டக்கூடாது என்று மற்றவர்கள் ஆயிரம் சொல்வார்கள். கில்சொப் அதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். ஆனால் எலிக்கு மட்டும் தன் சோற்றுப் பெட்டியிலிருந்து ஒரு பிடி வைப்பார். "அதுவும் அவர் படைச்சதுதானே. நம்ம பாடுதான் அதுக்கும்," என்பார்.

சுன்னிம் இன்னும் கண்டிப்பு. சகுனம் பார்ப்பது பாவம் என்று பெண்கள் கூட்டத்தில் பேசுவாள். ஆனாலும் அந்த வரிசை வீடுகளில் எல்லாப் பெண்களும் செய்கிறதை அவளும் செய்தாள். புருஷன் குழிக்குப் போனதும் வாசலில் கிடக்கும் அவனுடைய இன்னொரு ஜோடிச் செருப்பை, முனை வீட்டுக்குள் பார்த்திருக்கும்படி திருப்பி வைப்பாள். போனவன் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. கில்சொப் கேலி செய்தால், "பெருக்கும்போது திரும்பிக்கிச்சு" என்பாள்.

குழி இடிந்து கில்சொப் சாகவில்லை. செருப்பு அந்த மட்டும் வேலை செய்தது. துளைக்கும்போது பறந்த தூசிதான் அவரைப் பிடித்தது. கரித்தூசி கொஞ்சம், கல்தூசி அதிகம். தூசியைக் கழுவும் என்று பன்றிக் கொழுப்பாக வாங்கித் தின்றார்கள். தின்றது வயிற்றுக்குள் போனது. தூசி நெஞ்சுக்குள்ளேயே இருந்தது.

சுரங்கத்தை மூடிய பிறகு மலைமேல் சூதாட்ட விடுதி வந்தது. ஊர் பிழைத்தது என்று பாங் மூப்பர் நன்றி ஜெபம் செய்தார். கீழே கடைத்தெரு முழுக்க அடகுக்கடை. தோற்றவர்கள் அடகு வைத்துவிட்டுப் போகும் கார்களைக் கழுவுவது மன்சிக்கின் பிழைப்பு ஆனது. கில்சொப்புக்கு அதுவும் இல்லை. அவரால் படுக்கவே முடியாது. மடித்த மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அடியில் கரி எரிந்து சூடான தரையில் உட்கார்ந்தபடியே தூங்குவார். பாதி சாத்திய கதவு வழியாக வருகிற மாதிரி ஒரு மூச்சு.

சபை அவரைக் கைவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பனிக்காலத்தில் கிம்ச்சி ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். சறுக்குகிற மேட்டில் கரிக்கட்டியை முதுகில் சுமந்து வந்தவர் அந்தப் பாங் மூப்பரேதான். வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்து, கண்ணீர் விட்டு ஜெபம் செய்வார். அதனால்தான் மன்சிக்கால் அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை. அதுவே அவனுக்கு இன்னொரு எரிச்சல்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்துக்கொள்கிற அளவுக்கு நோய் முற்றவில்லை என்று கில்சொப்பை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனி அவர் வீட்டில் செத்தால், தூசிதான் கொன்றது என்று நிரூபித்தால்தான் சுன்னிம்முக்குப் பென்ஷன். நிரூபிக்க ஒரே வழி, செத்த பிறகு உடம்பைத் திறந்து பார்ப்பது. அதற்குப் பெண்டாட்டி சம்மதிக்க வேண்டும்.

கில்சொப் திறக்கச் சொன்னார். சுன்னிம் மாட்டேன் என்றுவிட்டாள். உலகத்தின் கடைசி நாளில் உயிரோடு எழுந்திருக்க வேண்டிய உடம்பு, அதில் கத்தி படக்கூடாது. பட்டினி கிடந்தாலும் சரி. அவளுக்குத் துணையாகப் பாங் மூப்பரும் வந்து உட்கார்ந்தார். அன்று மன்சிக்கும் அங்கே இருந்தான்.

"உடம்பு தேவனோட ஆலயம், தம்பி," என்றார் மூப்பர். "பணத்துக்காக அதைக் கிழிக்கச் சொல்றியா?"

"ஆலயத்தை இடிச்சது யாருன்னு பாக்கத்தான் திறக்கச் சொல்றேன்," என்றார் கில்சொப். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார்.

"எல்லாரும் மண்ணுதானே? ஒருநாள் போகத்தானே வேணும்?"

மன்சிக் இடையில் புகுந்தான். "அண்ணன் மண்ணாப் போகல, மூப்பரே. கல்லாப் போறாரு."

"நீ சும்மா இரு. ஞாயித்துக்கிழமை பாதிப் பிரசங்கத்துல எழுந்து போறவனுக்கு வேதப் பேச்சா?"

"மீதிப் பாதிய நீங்க தூங்கிக் கேக்கறீங்க."

கில்சொப் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அவரை மெத்தையோடு சேர்த்து மடக்கிப் போட்டது. சுன்னிம் ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"தேவன் மண்ணைப் பிசைஞ்சு மனுஷனைச் செஞ்சார், சரி," என்றார் கில்சொப், தலையைத் தூக்காமலே. "அப்புறம் மூக்குல ஊதினாரே, அது? மூச்சு அவர் குடுத்தது, மூப்பரே. எடுத்தது அவர் இல்ல. தண்ணி விட்டுத் துளைக்கறோம், தூசி அடங்கும்னு நான் உங்ககிட்ட வந்து கேட்டேன். என்ன சொன்னீங்க?"

மூப்பர் பார்லித் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேலை மெதுவாகும்னேன். மேலேயிருந்து சொன்னதைத்தான் நான் சொன்னேன்."

"அந்த மேல இருந்தது கடவுள் இல்லியே."

மூப்பர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு அவர் சுன்னிம் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. புருஷன் முழுசா எழுந்திருக்க வேண்டாமா?"

"அவளை நான் கேக்கறேன்," என்றார் கில்சொப். "சுன்னிம், உங்க அப்பா கடலுக்குப் போனாரு. திரும்பல. புதைக்க ஒரு நகம்கூடக் கிடைக்கல. மீன் தின்னுருக்கும். அவர் எழுந்திருக்க மாட்டாரா?"

சுன்னிம்மின் கை அவர் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

"மீன் தின்னவரையே எழுப்புறவர், நாலு தையல் போட்டவனை வேண்டாம்னு விட்டுருவாரா?"

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். விருந்தாளி புறப்படும்போது, அவர் காலை நுழைத்து நடக்க வசதியாகச் செருப்பை வெளிப்பக்கம் திருப்பி வைப்பது மரியாதை. மூப்பர் இன்னும் புறப்படவில்லை. அவள் திருப்பி வைத்தாள். மூப்பர் அதைப் பார்த்தார், எழுந்தார், ஜெபம் செய்யாமலே போனார்.

சுன்னிம் உள்ளே வரவில்லை. குனிந்தபடியே நின்றாள். கில்சொப் நடமாட்டத்தை விட்ட பிறகும் அவருடைய செருப்பு அங்கே வீட்டுக்குள் பார்த்தபடிதான் கிடந்தது. அதையும் எடுத்தாள். புறங்கையால் தூசி தட்டினாள். முனை தெருவைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே கில்சொப் அதைப் பார்த்தார். கண் கலங்கியது. அழுகிற அளவுக்கு மூச்சு இல்லை.

"சம்மதிச்சுட்டா," என்றார். "மன்சிக், ஆஸ்பத்திரிக்கு நீ வரணும். உள்ள என்ன இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட கேளு. பெரிய பேரா எதையாவது சொல்வாங்க, உனக்கு ஏறாது. கரியா, கல்லா, அதை மட்டும் கேட்டுக்க."

"கேக்கறேன், அண்ணே."

"சாவு ஆராதனையில பாஸ்டர் அந்த வசனத்தை வாசிப்பாரு. தடுக்காத. நல்ல வசனம்தான் அது. வாசிச்சு முடிச்சதும், மூப்பர் ஆமென் சொல்றதுக்கு முந்தி நீ எழுந்திரு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, உள்ள இருந்தது என்னன்னு சொல்லு."

"என்னை விடுவாங்களா? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவாங்க."

"செருப்புக் கிட்டத்தானே உட்காருவ. தள்ளினா போட்டுக்கிட்டுப் போ," என்றார் கில்சொப். மெத்தையில் தாடையை வைத்து, அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார். "ஆனா சொல்லிட்டுப் போ."