கருந்துளையாக நின்ற அன்ஸார் சேர்

முனவ்வரா டீச்சருக்கு மறதி என்ற வியாதி கிட்டவும் வராது. தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு மன்னாரை விட்டு விரட்டப்பட்ட உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் பிறந்தவள். அவளுடைய கோபத்தை உப்புப் போட்டுக் காயவைத்தால் கற்பிட்டிக் கரை முழுவதும் பாய் விரித்தாலும் இடம் போதாது.

மாம்புரிப் பக்கம், இடம்பெயர்ந்த பிள்ளைகள் படித்த சின்னப் பள்ளியில் வானியல் கழகம் தொடங்கியவள் அவள்தான். பிறகு அந்தப் பள்ளியைப் பெரிய பள்ளியோடு இணைத்தார்கள். பெரிய பள்ளியின் அதிபர் அன்ஸார் கழகத்தைத் தூக்கித் தன் மருமகன் ரிஃபாஸிடம் கொடுத்துவிட்டார். ரிஃபாஸ் படிப்பிப்பது வணிகம். தொலைநோக்கியில் எந்தப் பக்கம் கண்ணை வைப்பதென்றே அவனுக்குத் தெரியாது.

“உங்கட, எங்கட எண்டு இனி ஒண்டும் இல்ல டீச்சர். கலந்தாச்சு,” என்றார் அன்ஸார்.

கலப்பதென்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று முனவ்வரா மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

விஞ்ஞான தினத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுலக்ஷனா மேடம் வந்திருந்தார். இரண்டு விண்மீன் திரள்கள் ஒன்றாவதைப் பிள்ளைகளை வைத்து மைதானத்தில் காட்ட முனவ்வரா ஏற்பாடு செய்திருந்தாள்.

“நடுவுல ஒரு கருந்துளை வேணும் சேர். எல்லாரையும் இழுக்கிற ஆள்.”

அன்ஸாருக்கு வாயெல்லாம் பல். ஒலிவாங்கியோடு போய் நின்றார்.

விசில் ஊதியதும் பெரிய பள்ளிப் பிள்ளைகள் அவரைச் சுற்றி வட்ட வட்டமாக வலப்பக்கம் ஓடினார்கள். சின்னப் பள்ளிப் பிள்ளைகள் நெருங்கி ஒட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் புகுந்தார்கள்.

“அல்லாஹ்வே, மோதப் போகுதுகள்!” என்று ஒலிவாங்கியில் அலறினார் அன்ஸார்.

ஒருவரும் மோதவில்லை. இடைவெளிகளில் வழுக்கிப் போனார்கள். வெளிவட்டங்கள்தான் குலைந்தன, ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓட, தட்டுப்போல் ஒழுங்காயிருந்த திரள் தேன்கூடு கலைந்தாற்போல் உருண்டு திரண்டது. புழுதி முன்னேஸ்வரம் வரைக்கும் தெரிந்ததாம்.

“சின்னத விழுங்கிட்டம் எண்டு பெரிசு நினைக்கும் மேடம்,” என்றாள் முனவ்வரா. “இறுக்கமான சின்னது அழியாது. நடுவுக்கே போய், வந்த பக்கமே சுத்தும்.”

சின்னப் பள்ளிப் பிள்ளைகள் அன்ஸாரை ஒட்டி இடப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், வழி விடச் சொல்லுங்க! தலை சுத்துது!”

“கருந்துளை நடுவ விட்டுட்டு வீட்ட போகுமா சேர்?”

சுலக்ஷனா விழுந்து விழுந்து சிரித்தார். “இந்தக் கழகத்துக்குப் பொறுப்பு யாரு சேர்?”

அன்ஸார் மருமகனைத் தேடினார். ரிஃபாஸ் மர நிழலில் ஐஸ் பழம் உறிஞ்சிக்கொண்டிருந்தான். விசில் முனவ்வராவின் கையில். அவள் ஊதினால்தான் பிள்ளைகள் நிற்பார்கள்.

“பொறுப்பு முனவ்வரா டீச்சர்தான் மேடம்!”

“இண்டையிலிருந்தா சேர்?”

“ஓம், ஓம்! திருப்பிக் குடுத்திட்டன்! ஊதுங்க!”

ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது. முனவ்வரா விசிலை உதட்டருகே கொண்டுபோனாள். பிறகு ஆறுதலாகக் கையை இறக்கினாள்.

“புழுதியில சரியாக் கேக்கல்ல சேர். இன்னொருக்கா சொல்லுங்க.”