கரடி அணி ஊரைவிட்டுப் போனது

எனக்கு எட்டு வயது இருந்தபோது, அப்பாவை ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முறை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர், கனடாவில் ஒரு சிறிய ஊரின் ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். வீரர்கள் சறுக்கிக் கீறிப்போட்ட பனித்தரையை இரண்டு இடைவேளைகளிலும் வழவழப்பாக்கும் வண்டியை ஓட்ட வேண்டும். அங்கே ராத்திரி ஆட்டம் நடக்கும்போது இங்கே விடிந்துகொண்டிருக்கும். அம்மாவும் நானும் பல்கூடத் தேய்க்காமல் செல்போன் முன்னால் உட்கார்ந்திருப்போம். யார் கோல் போட்டாலும் எங்களுக்கு ஒன்றுதான். இடைவேளையில் அப்பா கட்டைவிரல் அளவில் வந்து, தரையைச் சுற்றிவிட்டுப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது கதை கேட்பேன். அவரிடம் இருந்த ஒரே கதை அந்த அணியின் கதை. சட்டையில் கரடி போட்ட அணி. சுரங்கத் தொழிலாளர்கள் உறைந்த ஏரியில் விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு சம்பளத்துக்கு ஆடும் அணியானது. ஒரே ஒருமுறை கோப்பை வாங்கியது. அதற்கப்புறம் தோற்றுக்கொண்டே இருந்தது.

"தோத்தாலும் ஜனம் வருது பாப்பா. நான் வண்டிய எடுத்தா ஒரு கெழவரு எந்திரிச்சு நின்னு கை தட்டுறாரு, எனக்கு!"

அந்தக் கரடியின்மேல் எனக்குப் பொறாமை. வாலிகண்டபுரம் சிவன் கோயிலுக்குப் போனபோது, அணி ஒழியட்டும், அப்பா வரட்டும் என்று கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன். அடுத்த மாதமே அணியை வேறு ஊருக்கு விற்றுவிட்டார்கள். அரங்கத்தை மூடப்போவதாக அப்பா சொன்னார். சிவனுக்கு இவ்வளவு தூரம் செல்வாக்கு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடைசி ஆட்டத்திலும் தோற்றார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. இனி ஆட யாருமில்லாத அந்தத் தரையை அப்பா மூலை விடாமல் நிதானமாகத் தேய்த்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முதல்முறையாகக் கேமரா அவரைக் கிட்டத்தில் காட்டியது.

"அவரு மொகத்தப் பாருடி" என்றாள் அம்மா. நான் எங்கே பார்த்தேன்? அப்பா வரப்போகிறார் என்று நானும் தட்டிக்கொண்டிருந்தேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். பத்து நாளில் மறுபடியும் லாரி. நான் தினமும் அவர் தோளில் தொங்கினேன்.

ஒரு விடுமுறைக் காலையில், அப்பா சந்தோஷப்படுவார் என்று, புது ஊரில் நடந்த ஆட்டத்தைத் தேடிப் போட்டேன். சட்டையில் கரடி இல்லை. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இடைவேளையில் வேறு யாரோ ஒருவன் வண்டியை ஓட்டி வந்தான்.

"ஓரத்த விட்டுட்டான்" என்றார் மெதுவாக.

எழுந்து கொல்லைக்குப் போனார். "அப்பா, இன்னும் முடியலப்பா, வாங்க" என்று கூப்பிட்டேன். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.