டிராக்டர் நம்பர் போட்ட டிரெய்லர்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எஞ்சின் இல்லாத வண்டிக்குக் காகிதம் தேவையில்லை என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் மனதார நம்பியவன் நான். கன்றுக்குட்டிக்குத் தனி ரேஷன் கார்டா கொடுக்கிறார்கள்? பசுவின் பின்னால் போகிறது, அவ்வளவுதான். டிரெய்லரும் அப்படித்தான். எந்த டிராக்டர் இழுக்கிறதோ அதன் நம்பரைப் பின்பலகையில் மஞ்சள் பெயிண்டால் எழுதிவிட்டால் கதை தீர்ந்தது. எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் என்னைத் தவிர இன்னும் பலர் இப்படி நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் டிராக்டரை விற்ற பிறகும் அந்த நம்பரை அழிக்காமல் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் டிரெய்லர் கம்பெனிச் சரக்கு இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் செய்தது. உடைத்துப் போட்ட லாரியின் அச்சு, ஒன்றுக்கொன்று ஜோடி சேராத இரண்டு சக்கரம், மேலே வேங்கைப் பலகை. இடதுபக்கப் பலகை மட்டும் வலதைவிட ஒரு சாண் கம்மி. அளவெடுத்த அன்று பாயின் டேப் தூங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மற்ற நாளில் மணிலாக்கொட்டை மூட்டை, செங்கல், எரு. பௌர்ணமி வந்தால் அதற்கு வேறு உத்தியோகம். என் மனைவி அதைக் கிரிவலப் பாதையோரம் நிறுத்தச் சொல்லுவாள். இரண்டு டிரம் நீர்மோரை ஏற்றி, நடந்து போகிறவர்களுக்கு மொண்டு மொண்டு கொடுப்பாள். நான் பக்கத்தில் நின்று பேசுவேன். மோர் அவள் இலாகா, பேச்சு என் இலாகா.

டிராக்டரை விற்றோம். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தோம். மகளின் இரண்டாவது பிரசவத்துக்குப் போன என் மனைவி, "மூணு மாசத்துல வந்துடறேன்" என்றாள். மூன்று வருஷம் ஆயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. மகள் கம்பெனி வேலைக்குப் போகிறாள், குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும். அன்று பஸ் ஏற்றிவிட்டபோது நான் சொன்னது இது: "மெதுவாவே வா. எனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கும்." ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். கம்பி மறைத்தது.

அதன் பிறகு வீட்டில் நானும் டிரெய்லரும். கொல்லையில் புங்க மரத்தடியில் அது நிற்கும். தட்டை எடுத்துக்கொண்டு போய் அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடுவேன். பழைய ஜோக்கையே திரும்பச் சொன்னாலும் முகம் சுளிக்காத ஒரே ஜீவன்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின மாதம் அது. பாதையோரத்து வண்டிகளைக் கணக்கெடுத்துக்கொண்டு வந்த ஒரு கான்ஸ்டபிள் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினார்.

"இந்த நம்பர் டிராக்டரை இப்பதான் செங்கம் ரோட்டுல பார்த்துட்டு வரேன். கரும்பு ஏத்திக்கினு போவுது. அதே நம்பர் இங்க இன்னா பண்ணுது?"

"ரெண்டும் அண்ணன் தம்பிங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. "ஆர்.சி. புக்கை எடுத்து வைங்க. சாயங்காலம் வரேன்."

விற்ற டிராக்டர் எங்கோ யாரையோ இடித்துவிட்டது, அந்தக் கேஸ் என் கொல்லைக்கு வந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். மத்தியானச் சோற்றைக்கூடத் தொடாமல் உப்புத்தாளை எடுத்து அந்த நம்பரைத் தேய்க்க ஆரம்பித்தேன். மூன்று மணி நேரம். பன்னிரண்டு வருஷ அழுக்குக்கு நடுவில் ஒரு முழ நீளத்துக்குப் பலகை புத்தம்புதிதாய்ப் பளபளத்தது.

சாயங்காலம் சொன்னபடி வந்தார். "நம்பர் எங்க?"

"வெயில்ல உதிர்ந்துடுச்சு சார்."

"கையில இன்னா மஞ்சளா?"

"சமையலுக்கு மஞ்சள் அரைச்சேன் சார்."

"பெரியவரே, காலைல உங்க மேல எனக்கு ஒண்ணுமே இல்ல. இப்பதான் சந்தேகம் வருது. அடுத்த பௌர்ணமிக்குள்ள பேப்பர் காட்டுங்க. இல்லன்னா ஸ்டேஷனுக்கு இழுத்துக்கினு போயிடுவோம்."

"என்னையா, டிரெய்லரையா?"

"அப்ப பார்த்துக்கலாம்."

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. 'பெரியவரே' என்றது ஜெயிலைவிட வலித்தது. ஆனாலும் ஒரு பையில் துண்டு, போர்வை, பிரஷர் மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தேன். பிடித்துக்கொண்டு போனால் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தபோதுதான் கை நின்றது. தெரு முழுக்க என் பேச்சுக்குச் சிரிக்கிறவர்கள். சாவி கொடுக்க ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. பையிலிருந்து போர்வையை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன்.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ். கிளார்க் ஒரு அம்மா, பொறுமைசாலி. "கையால செஞ்ச வண்டிக்கும் பதிவு உண்டுங்க. செஞ்சவர் குடுத்த பில் வேணும். வண்டியோட இரும்புச் சட்டத்துல தனியா ஒரு நம்பர் குத்தணும். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பாரு. யாரும் உங்களப் புடிச்சுக்கினு போவ மாட்டாங்க, கண்ணத் தொடைங்க." நான் அழவில்லை. வேர்வை. ஆனால் வாதாடவில்லை.

பில் என்று ஒன்றை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. நேரே பாயின் பட்டறைக்குப் போனேன். அவருக்கும் தலை நரைத்திருந்தது. பரண்மேல் இருந்த சாக்கு மூட்டையிலிருந்து பழைய கார்பன் பில் புத்தகங்களை இறக்கி, தும்மித் தும்மிப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது.

"இதோ. ஆனா உங்க பேர் இல்லியே. அம்மா பேர்ல இருக்குது."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். அவங்கதானே நாலு நாள் இங்க நின்னு செஞ்சு வாங்கினாங்க. வேங்கைப் பலகைதான் வேணும்னாங்க. இடதுபக்கம் ஒரு சாண் கம்மி பண்ணுங்க பாய், கீழ நின்னு மோர் மொண்டு குடுக்க எனக்கு எட்டணும்னாங்க. நீங்க கடைசி நாள் வந்தீங்க. வந்ததும் மேல ஏறி உக்காந்துக்கினீங்க."

டேப் தூங்கியதாகச் சொன்ன ஜோக்கைப் பாயும் கேட்டிருப்பார். பில்லின் நகலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த நாள் சைக்கிளில் வந்து, சட்டத்தில் சுத்தியால் தட்டித் தட்டி நம்பரும் குத்திவிட்டுப் போனார்.

நகலைப் பார்த்த கிளார்க் அம்மா, "அவங்க பேர்லயே பதிவு பண்ணலாம். இல்ல உங்க பேர்ல வேணும்னா, குடுத்துட்டேன்னு ஒரு லெட்டர் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பச் சொல்லுங்க. போதும்" என்றார்.

தபாலில் அனுப்பினால் போதும். இது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு வெளியே வந்து எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து ஓசூருக்குப் போன் போட்டேன்.

"அந்த டிரெய்லரு உன் பேர்ல இருக்குதாமே?"

"தெரியுமே. அதுக்கு இன்னா இப்போ?"

"பேப்பர் எடுக்கணும். நீ நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"நேர்லயா? தபால்ல அனுப்பக் கூடாதா?"

"கேட்டுப் பார்த்துட்டேன். ரூல்ஸ் ரொம்ப ஜாஸ்தியா இருக்குது."

அவளுக்குப் பின்னால் குழந்தை தட்டைத் தட்டும் சத்தம். "வெளையாட்டா சொல்றீங்களா, நெஜமாவா?"

"நெஜமா."

மூன்று வருஷத்தில் போனில் நான் சிரிக்காமல் சொன்ன ஒரே வார்த்தை அது. அதுவும் பொய்.

கையெழுத்துக்கு என்று வந்தால் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். சமையலறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவள் போடுகிற சோப்பு வாங்கி வைத்தேன். மோர் டிரம் இரண்டையும் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கியபோது முகத்தைப் பார்ப்பதற்கு முன் பையைத்தான் பார்த்தேன். ஒரு சின்னக் கைப்பை. ஒரு புடவைக்குக்கூட அதில் இடம் இல்லை.

"எளைச்சிட்டீங்களே" என்றாள்.

"ரூல்ஸ் படிச்சுப் படிச்சு."

ஆபீஸில் கிளார்க் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஓசூர்லேந்தா? பேரப்புள்ளைங்கள வேற விட்டுட்டு? ஏம்மா, தபால்ல அனுப்பினா போதும்னு சார்கிட்ட அன்னைக்கே சொன்னேனே!"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன். ராகு காலம், எமகண்டம் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கிறாள் என்பது கழுத்தில் தெரிந்தது. பேனாவை வாங்கி, "என் கணவருக்குக் கொடுத்துவிட்டேன்" என்று முடியும் கடிதத்தின் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போனாள். இடதுபக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "பலக காயுது. எண்ணெ தடவக் கூடாதா?" கவிழ்த்திருந்த டிரம்களைப் பார்த்தாள். நான் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். கை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"வான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

அதுதான் இடம். இப்போது நன்றாகத் தெரிகிறது. அப்போதும் தெரிந்தது. வாயைத் திறந்தேன். வந்தது இது: "சொன்னா, எந்த ரூல் பிரகாரம்னு கேப்பியே."

அவள் சிரித்துவிட்டாள். நிஜமாகவே சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. எனக்கும் அது போதும் போலத் தோன்றியது. மேற்கொண்டு நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலேகால் பஸ்ஸில் அவள் ஓசூருக்குப் போனாள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, வண்டி சரி என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் காட்டியதும் கான்ஸ்டபிள் சல்யூட் வைத்தார், கிண்டலாக. ஆறு வாரம் கழித்து ஆர்.சி. புத்தகம் தபாலில் வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது.