மினாசே மாருவின் முப்பத்தொன்பதாவது பெயர்

ஜப்பானின் குரே துறைமுகத்துக்கு மேலே, கோயில் சரிவில் நிற்கும் கல்லை வெட்டியவன் நான்தான். மினாசே மாரு கப்பலோடு மூழ்கிய முப்பத்தெட்டுப் பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசிப் பெயரைச் செதுக்கி நிமிர்ந்தபோது பின்னால் ஒருவர் நின்றார்.

"அண்ணே, இந்தக் கல்லுல பதினேழாவது ஆளு நாந்தான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேய் வேஷம் போட வேற எடம் கெடைக்கலையா?"

அவர்தான் தொமேகிச்சி. கப்பல் பட்டறையில் துரு சுரண்டிப் பிழைத்துக்கொண்டு, தகரக் கொட்டகையில் தனியாக இருந்தார். போர் முடிந்து ஊர் திரும்பியபோது அவருக்கு ஈமக்கடனே முடிந்திருந்ததாம். பெற்றோரும் அந்தத் துக்கத்திலேயே போய்விட்டார்கள்.

மினாசே மாரு வடக்கே மரமும் மொச்சையும் ஏற்றிய சாதுவான கப்பல். போர் வந்ததும் கடற்படை அதைத் தன் வேலைக்கு எடுத்துச் சாம்பல் நிறம் பூசி, மூக்கில் ஒரு பீரங்கியையும் வைத்தது. அதன்பின் தெற்குத் தீவுகளுக்கு அரிசியும் நிலக்கரியும் சுமந்தது. "பீரங்கி ஒரே தடவதான் சுட்டுச்சு, அதுவும் மெதந்து வந்த மரக்கட்டைய," என்பார் தொமேகிச்சி.

ட்ருக் தீவில் அவருக்குக் கால் வீங்கியது. மருத்துவர் கரையில் இறக்கிவிட்டார். வேறொரு கப்பல் மூழ்கி, ஊர் திரும்ப வழியில்லாமல் அங்கே கிடந்த ரியோஹேய் என்பவன் அவர் இடத்தில் ஏறினான். ஒரு மணி நேரத்தில் கப்பல் கிளம்பியது. பட்டியலை யாரும் திருத்தவில்லை. மறுநாள் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் அதை அடித்து மூழ்கடித்தது.

"என் பேர வெட்டியெடுத்துட்டு அவன் பேரப் போடுங்கண்ணே."

உயிரோடு இருப்பவர் பெயர் கல்லில் இருந்தால் சிவப்பு பூசுவது வழக்கம். பூசட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கல் வைத்த சங்கத்தாரோ, பெற்ற தாய் வந்து கேட்டால்தான் புதுப் பெயர் என்றார்கள்.

ரியோஹேயின் தாய் ஷிமே எதிரே உள்ள தீவில் இருந்தாள். மகன் செத்ததே அவளுக்குத் தெரியாது. சொல்லப் போவதாக ஏழு முறை படகேறி, ஏழு முறையும் அந்தத் தீவின் துறையிலிருந்தே திரும்பி வந்தவர் தொமேகிச்சி. எட்டாம் முறை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

வெளியூரில் இருக்கும் மகனுக்கென்று தனித்தட்டில், மூடிய கிண்ணத்தில் சோறு வைத்திருந்தாள் ஷிமே. தொமேகிச்சி தரையில் நெற்றி பதித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கிண்ணத்து மூடியைத் திருப்பி எங்கள் முன் நீட்டினாள்.

"பாருங்க, நீர் கோத்திருக்கு. நீர் கோத்தா ஆள் நல்லாயிருக்கான்னு அர்த்தம். போங்க வெளிய!"

சுடுசோற்றை மூடினால் நீர் கோக்காமல் என்ன செய்யும்? எழுந்தோம். வாசல் தாண்டும்போது தொமேகிச்சியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கப்பல் ஏறையில அவன் சாப்பிட்டிருந்தானா?"

"என் பங்கையும் சேத்துத் தின்னாம்மா. ஊருக்குப் போறேன்னு ஒரே சிரிப்பு."

"அவன் அப்படித்தான்," என்று அவளும் சிரித்தாள். பிறகு ஊரே கேட்கும்படி அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"அவன் பேர வெட்டிருங்கய்யா. ஆனா இவரு பேர எடுக்காதீங்க. அந்தக் கப்பல் ஆளுங்கள்ல எம்புள்ளைக்குத் தெரிஞ்ச ஆளு இவரு ஒருத்தர்தான்."